தெமட்டகொடைத் திருப்பம்

பஞ்சிகாவத்தையில் மழை விட்ட மத்தியானம்.
ஜப்பானில் எவனோ கழற்றிய பின்னச்சை
மேசையில் கிடத்தி மூடி திறக்கிறார் நவ்ஃபர்.
கந்தக வாடை. கறுத்த எண்ணெய்.
"பாருங்க மிஸ், இவர்தான் பங்கு பிரிக்கிறவர்.
வளைவுல உள்சில்லுக்கு ஓட்டம் குறைய,
வெளிச்சில்லுக்குக் கூட.
சண்டை வராமக் குடுப்பார்.
சேத்துல மட்டும் புத்தி மாறிப் போகும்:
சும்மா சுத்துறவனுக்கே எல்லாம்,
கால் ஊண்டி நிக்கிறவனுக்கு
ஒரு சல்லி இல்ல."

எங்கள் கந்தோரும் அப்படித்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
புதுசுகளில் கம்பியூட்டர் இருக்கிறதாம்,
சுற்றுகிறவனின் கழுத்தை பிரேக்கால் பிடிக்குமாம்,
மற்றவனுக்கு அப்போதுதான் பங்கு.
"ஆனா முதல்ல அவன் சுத்தோணும்.
பிழை நடந்த பிறகு வாற பொலிஸ்."
நான் பூட்டையே வாங்கினேன்.
மூன்று மாதச் சம்பளம்,
டாஷ்போர்டில் ஒரு சிவப்புச் சுவிட்ச்.

முத்துராஜவெலச் சதுப்பில் நீர்மட்டம் பார்க்கும் நாள்.
இன்பராஜ் கந்தோரின் புது ஜீப்பில் முன்னே.
முதல் குழியில்
கறகற கறகறவென்று பல் கடித்து
மஞ்சள் விளக்குச் சிமிட்டி
அவன் ஏறிப் போன அழகை
நான் மறைக்கக் கூடாது.
ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் மாலு பாண்.

இரண்டாம் குழி ஆழம்.
கறகற. கறகற. பிறகு பிரேக் கருகும் மணம்.
பிறகு அந்த விளக்கு நிலைத்து எரிந்தது,
கம்பியூட்டர் லீவு எடுத்துவிட்டது.
நான் சுவிட்சை அழுத்தினேன்.
அடியில் ஒரு 'டக்'.
இரண்டு சில்லும் ஒரே சொல்லாகி
சேற்றைப் பிடித்து, நிதானமாக,
மாடு எழும்புவதுபோல் எழும்பி
நேரே போனேன்.
நேரே மட்டும்.
ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாய் ஒடித்தும்
நேரே போய்
நாங்கள் அளக்க வந்த அளவுக்கம்பத்தை
முறித்துக்கொண்டு நின்றேன்.

இன்பராஜைக் கயிறு கட்டி இழுத்தேன்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
அன்றைய நீர்மட்டம்: பதிவில்லை.

வத்தளை வரை ஈர றோட்டு,
வழுக்கி வழுக்கிப் பொறுத்துக்கொண்டது.
களனிப் பாலம் தாண்டக் காய்ந்த தார்.
தெமட்டகொடைச் சந்தியில் திரும்பியபோது
ஜீப் அலறியது.
ரப்பர் கிழிய, அச்சு முறுக்கேற,
உள்சில்லு 'போதும்' என்றது,
வெளிச்சில்லு 'இன்னும்' என்றது,
பஸ் முழுதும் ஜன்னலுக்கு வந்தது.
அப்போதுதான் சிவப்புச் சுவிட்சைக் கண்டேன்,
காலையிலிருந்து எரிந்துகொண்டு.

கான்ஸ்டபிள் கண்ணாடியைத் தட்டினார்.
என்ன சொல்ல?
"லொக் வெலா, சேர்" என்றேன்.
அவர் இரக்கத்தோடு தலையாட்டி
என் கதவை இழுத்துப் பார்த்தார்.
உடனே திறந்தது.