வேண்டாம் என்னும் சொல்

மெய்ன் மாநிலத்துக் கடலோரம்,
கைவிட்ட மத்தி மீன் ஆலைதான் எங்கள் ஆய்வகம்.
சுவரைச் சுரண்டினால் இன்னும் எண்ணெய் கசியும்.
நான் ஓடில் மிஷோ.
குடுவை கழுவுவது, ஆவியில் அவிப்பது,
பாக்டீரியாவுக்குக் கஞ்சி காய்ச்சுவது என் வேலை.
கஞ்சி என்றுதான் சொல்வேன்.
லெனோரா ஹாஸ்கெல் திருத்தமாட்டார்.

பத்து வருஷம் அவர் பார்த்தது ஒரே ஒரு கதவை.
குடலில் வாழும் அற்பப் பாக்டீரியா;
அதன் மரபு நூலில் ஓரிடத்தில் ஒரு புரதம்
வாசற்படியில் பூனைபோல் படுத்திருக்கும்.
பாலின் சர்க்கரை வந்தால் எழுந்து விலகும்.
கதவு திறக்கும்,
சர்க்கரையை வெட்டக் கத்திகள் வார்க்கப்படும்.
தீர்ந்ததும் மறுபடி வந்து படுத்துக்கொள்ளும்.
"உண்ணக் கற்றது பெரிதில்லை ஓடில்.
'இப்போது வேண்டாம்' என்று கற்றதே,
அதுதான்"
என்றார் ஒருநாள், வாய் நிறைய ரொட்டியோடு.

பூனை தொலைத்தவையும் உண்டு.
பால் வந்தாலும் வராவிட்டாலும்
கத்தி வார்த்துக்கொண்டே இருக்கும் மூடர்கள்.
சாயம் கலந்த தட்டில் அவை மட்டும் நீலமாகும்.
அத்தனை அழகான நீலத்தை
நான் கடலில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு தர்லோ பீல் வந்தார்,
கோணிப்பைக்குள் ஒரு பெட்டைக்கோழியோடு.
நெஞ்சில் வால்நட் அளவு கட்டி.
பண்ணையில் இது பதினோராவது.
"யார் கொண்டுவந்தது இதை என் கொட்டகைக்கு?"
அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது:
அடுத்த பண்ணைக்காரன், தீவனக் கம்பெனி,
மேலே பறந்துபோன கடற்காக்கை,
யாராவது.

கட்டியை அரைத்தோம், வடித்தோம்.
பாக்டீரியா நுழையாத துளையில்
நழுவி வந்தது ஒரு வைரஸ்.
அதனிடம் நான்கே மரபணுக்கள்.
மூன்று, தன்னைப் பெருக்கிக்கொள்ள.
நான்காவது அதற்கு எதற்குமே ஆகாது,
கோழிக்குக் கட்டி வளர்க்கும், அவ்வளவுதான்.
"தனக்கு ஆகாததை ஒருவன் சுமந்து திரிந்தால்
திருட்டுச் சாமான்" என்றார் லெனோரா.
எந்த வீட்டில் திருடியது?

நான்காவதின் நகலில் கதிரியக்கம் ஏற்றி
நோயே காணாத கோழியின் முட்டைக் கருவில் தேடினோம்.
சிங்கி இறால் கூண்டுகள் கரையில் உறைந்த ஜனவரி.
ஒன்பது நாள் உறைபெட்டியில் கிடந்தது எக்ஸ்ரே படலம்.
பத்தாம் நாள் இருட்டறையில்
கறுப்பாய் ஒரு கோடு.

கோழியின் சொந்தச் சொத்து.
எப்போதோ ஒரு வைரஸ் அதை எடுத்துப் போயிருக்கிறது,
பூனையை வாசலிலேயே விட்டுவிட்டு.
திரும்பி வந்தபோது அதற்கு
'வேண்டாம்' என்னும் சொல் மறந்திருந்தது.

இதழுக்கு அனுப்பினோம்.
"பாத்திரத்தில் அழுக்கு இருந்திருக்கும்"
என்று திருப்பினார்கள்.
என் பாத்திரத்தில்.
அன்று ஒவ்வொரு குடுவையையும் ஏழு முறை கழுவினேன்,
கோபத்தில் இரண்டு உடைந்தன.
வாத்தில் தேடினோம். காடையில், வான்கோழியில்.
கோடு, கோடு, கோடு.
ஒரு ராத்திரி சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டினார்.
நான் நர்ஸ் இல்லை, என்றேன்.
"பசுவுக்கு ஊசி போட்டவள்தானே."
மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது.

அவருடைய கோடு மங்கல்,
மூச்சு பட்டால் கலைந்துவிடும்போல.
ஆனால் இருந்தது.
சிவப்பு விளக்கின் கீழ் அதைத் தலைகீழாகத் திருப்பி,
மறுபடி நேராக்கி,
கடைசியில் அவர் கேட்டது, மணி என்ன என்று.

தர்லோவிடம் சொல்லப் போனோம்.
வைரஸ் வெறும் சுமைகூலி, என்றார் லெனோரா.
சுமந்தது உங்கள் கோழிகளின் பண்டம்.
எனக்குள்ளும் இருக்கிறது. உங்களுக்குள்ளும்.
அவர் தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்.
"அப்போ நான் யார்மேல வழக்குப் போடுறது?"

புறப்படும்போது ஒரு டஜன் முட்டை நீட்டினார்.
வேண்டாம், என்றார் லெனோரா.
அப்புறம் வாங்கிக்கொண்டார்.
பனியில் வண்டி வழுக்கிய இடமெல்லாம்
மடியில் இன்னும் சூடாக இருந்தவற்றை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.