வெள்ளைத்துணி

கீரிப்பாறையில் ரப்பர் வெட்டு முடியும் முன்னே
ஒன்றரை மீட்டர் வெள்ளைத்துணியைக்
கயிற்றில் கட்டிப் புல்மேல் இழுத்துப் போகிறேன்.
"யாரைப் பொதைக்கப் போறீரு சாரே?"
சிரட்டையைத் துடைத்தபடி யோபுதாஸ்.

பத்தடிக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பார்க்கிறேன்.
எள்ளைவிடச் சிறிசு, எல்லாம் கால்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டாவது என் மணிக்கட்டில்.

மலைக்கு அந்தப் பக்கம்
உண்ணி என்றால் கொஞ்சுகிற பிள்ளை.
இங்கே, சுகிர்தபாயின் பசுவின் காதுக்குள்
ஆமணக்குக் கொட்டைபோல் பழுத்திருக்கிறது.
வைகாசிச் சந்தையில் எட்டாயிரம் குறைத்துத் தந்தான் வியாபாரி.
குறைத்த காரணம் வாலடியில் இருந்தது.

முதுகெலும்பு நெடுக மருந்து ஊற்றினோம்.
தொழுவத்து வெடிப்புகளில் சுண்ணாம்பு.
புதுமாட்டைப் பதினைந்து நாள்
தனியே கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.
மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"செரி சாரே,
மிளாவுக்கு யாரு ஊத்துவா?"

ஓடைக்கரையில் ஒரு புதர்,
அதற்கும் உண்ணிச்செடி என்றே பெயர்;
பூவுக்காக யாரோ ஒருகாலத்தில்
கப்பலேற்றிக் கொண்டுவந்தது.
அதன் அடியில் புல் நசுங்கிய குழி.
பகல் ஷிப்டு பசு,
ராத்திரி ஷிப்டு மிளா.

புதரை வெட்டச் சொல்லலாம். சொல்வேன்.
மிளா அடுத்த புதருக்குப் போகும்,
முதுகில் சிலதைச் சுமந்துகொண்டு.

படிவத்தில் பசு, எருமை, ஆடு.
ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு எழுதினேன்:
மிளா, ஒன்று.
பார்க்கவில்லை.
கை வைத்தபோது குழி இன்னும் சூடாக இருந்தது.

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
பேனா சற்று நேரம் நின்றது.