அரை வண்டித் தண்ணீர்

வண்டியில் தீயணைப்பு என்று எழுதவில்லை.
பழைய பால் டேங்கர்.
பின்பக்கம் 'கரட்டுப்புதூர் பொது' என்று பச்சை எழுத்து,
அதன் கீழே என் போன் நம்பர்.

காங்கேயத்துச் சிவப்பு வண்டி
எங்களூருக்கு வந்து சேர நாற்பது நிமிஷம்.
ஒரு தட்டுப்போர் எரிந்து முடிய இருபது.
வேலாத்தாளின் கட்டுத்தறியில்
கயிறு அவிழ்க்க ஆளில்லாமல்
ரெண்டு எருமைக்கன்று வெந்த வருஷம்
நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாமென்று
வாங்கிய வண்டி இது.
வெயில் நாளில் இன்னும் தயிர் மணக்கும்.

வாங்கியபின்தான் தெரிந்தது,
இன்னும் பற்றாத தீக்கு
யாரும் டீசல் போடமாட்டார்கள்.
அதனால் கண்ணாலத்துக்குத் தண்ணி விடுகிறோம்,
புது வீட்டுக் காங்கிரீட்டுக்கு விடுகிறோம்,
இழவு வீட்டுக்குக் காசில்லாமல்.
ஓட்டுவது சென்னியப்பன். ஓஸ் பிடிப்பது சலூன் கிட்டுசாமி.
கணக்கு நோட்டும் போனும் என்னிடம்.
நாலு தறி ஓட்டுகிறேன். மணியடித்தால் கேட்காது.
தறியும் அதிரும், போனும் அதிரும்;
எது எதுவென்று இடுப்புக்குத் தெரியும்.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தன்று
தறியை நிறுத்திப் போனை எடுத்தேன்.
"அக்கா, நெருப்பு. நார் மில்லு. பெரிசு."
புரந்தர். ஒடிசாக்காரப் பையன்.
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுவாக இருக்கும்.

வண்டி அப்போது நாச்சிமுத்து மகள் கண்ணாலத்தில்.
பாதித் தண்ணியை மண்டபத் தொட்டியில் இறக்கியாகிவிட்டது.
மும்முனை கரண்டு ராத்திரி பத்துக்குத்தான்,
அதுவரை எந்தத் தோட்டத்து மோட்டாரும் ஓடாது.

"இறக்கினதத் திருப்பி ஏத்தோணுமுங்க,"
என்றிருக்கிறான் சென்னியப்பன்,
பட்டு வேட்டியில் நின்ற பெண்ணைப் பெற்றவரிடம்.
ரெண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது.
நாச்சிமுத்து பந்தியைப் பார்த்தார்,
வடக்கே எழும்பிய புகையைப் பார்த்தார்,
ஓஸை வாங்கித் தொட்டிக்குள் தானே போட்டார்.
"ரசத்துக்கு மட்டும் ரெண்டு கொடம் உட்டுட்டுப் போங்கப்பா,"
சமையல்காரர் கத்தினார்.
விட்டோம்.
கை கழுவ சோடா உடைத்தார்களாம்.
மாப்பிள்ளையின் தோழர்கள் ஆறு பேர்
சந்தனப் பொட்டோடு டேங்கர்மேல் ஏறினார்கள்.

மில்லுக்குப் போகும் இட்டேரி
மாட்டு வண்டிக்கு வைத்த அகலம்.
எட்டு வருஷமாய்க் கோர்ட்டில் கிடக்கும் கிளுவை வேலி
நாங்கள் போவதற்குள் வெட்டிக் கிடந்தது.
வெட்டியது யாரென்று
ரெண்டு வீட்டாரும் இன்றுவரை சொல்லவில்லை.

நார்த்தூளில் பற்றிய தீ நின்று எரியாது, படுத்துக்கொள்ளும்.
சிவப்பு வண்டி வந்தது, அவர்கள் மேல்தீயை அடித்தார்கள்,
தகரக் கூரையேறி அடித்தார்கள், குறை சொல்லமுடியாது.
பிறகு அவர்களுக்கு வெள்ளகோவிலில் இன்னொரு அழைப்பு.
உள்ளே கனன்றதை
மூன்று ராத்திரி நாங்கள் கிளறினோம்,
மண்வெட்டியால் ஒரு புரட்டு, ஒரு வாளித் தண்ணி.
புரந்தரும் கூட்டாளிகளும் ஈரச் சாக்கோடு ஒரு முறை,
தறிக்காரப் பெண்கள் ஒரு முறை.
முதல் ராத்திரி
மண்டபத்திலிருந்து சோறு வந்தது. அந்த ரசமும் வந்தது.

நாலாம் நாள் நாச்சிமுத்து
முழு வண்டிக்கும் காசை நீட்டினார்.
"அர வண்டி எங்க கடனுங்க," என்றேன்.
"இருக்கட்டும் புள்ள. எங்கூட்டுப் பக்கம் பொகஞ்சா கழிச்சுக்க."
சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.
அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
வரவிலும் எழுதினேன், செலவிலும் எழுதினேன்.

மில் முதலாளி டீசல் காசு இன்னும் தரவில்லை.
கேட்டால் இன்சூரன்ஸ் என்கிறார்.

வண்டியின் பின்பக்கம் கருகி
என் நம்பரில் கடைசி ரெண்டு எண் போய்விட்டது.
ஊருக்குள் யாருக்கும் அது பார்த்துத் தெரியவேண்டியதில்லை.
ஆனால் மில்லுக்குப் புதிதாய்ப் பதினோரு பேர்
நேற்று வந்து இறங்கியிருக்கிறார்கள்.
பெயின்ட் வாங்கவேண்டும்.