கைபிரேக் போட்டு, நாலாவது கியரில்

காட்பாடி மேம்பாலத்தில்தான் முதலில் தெரிந்தது.
ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன்,
சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.
முள் முப்பதிலேயே நிற்கிறது.
தயிர் கேன் கட்டிய டி.வி.எஸ். ஒன்று
என்னைத் திரும்பிப் பார்த்தபடி தாண்டிப் போகிறது.

பிறகு அந்த வாடை.
இந்த மாருதிக்குள் ஏற்கெனவே ஒரு வாடை உண்டு.
முன்னால் வைத்திருந்தவர்
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் கெமிஸ்ட்;
மழை நாளில் பின்சீட்டுக்குள்ளிருந்து
ஈரத்தோல் எழுந்து உட்காரும்.
இது அதில்லை.
ஸ்டெரிலைசர் மூடியின் ரப்பர் தீய்ந்த அன்று
எங்கள் வார்டில் மூன்று நாள் நின்றதே, அது.

என்ஜின் போச்சு என்றார் பங்க்கில் காற்றடிப்பவர்.
பிளக் என்றார் செக்யூரிட்டி.
தொண்ணூத்தாறு மாடல், தள்ளிவிடு என்றான் குணாளன்.
என் தங்கை புருஷன்,
வாரம் இருமுறை ஆம்பூர் வரை
இரவல் வாங்கிப் போகிறவன்.
அவன் ஓட்டித்தான் கெட்டது என்று
மனதுக்குள் ஒரு ரிப்போர்ட் எழுதி
கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன்.

கொணவட்டத்தில் சஃபியுல்லா
பானெட்டைத் தொடவே இல்லை.
எத்தினி நாளா?
மேட்டுல மட்டுமா, சமத்துலயுமா?
பெடல அமுக்கசொல்ல சத்தமா, உடசொல்ல சத்தமா?
ரிவர்ஸ் கறகறன்னாம உழுதா?
இருபத்திரண்டு வருஷமாக
கேஸ் ஷீட்டில் நான் கேட்டு எழுதுகிற வரிசை.
பதில் சொல்லச் சொல்ல
அவர் கிரீஸ் விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்:
பேரிங் இல்ல.
பிரியாத கம்ப்ளெய்ன்ட் இல்ல.
புடிக்கலன்றதுதான்.

உள்ளே உட்காரச் சொன்னார்.
கைபிரேக்க நல்லா இஸ்து புடிங்க.
நாலாவது போடுங்க.
கிளச்ச மெதுவா உடுங்க.
இப்ப வண்டி சாவணும் சிஸ்டர்.
சாவலன்னாதான் நோவு.

விட்டேன்.
முழுக்காலையும் எடுத்துவிட்டேன்.
சாகவில்லை.
ஒன்றும் நடக்காதது போல் உறுமிக்கொண்டிருந்தது.

எங்கள் மாடியில்
நின்றுவிடும் என்று எழுதிக் கொடுத்த பின்னும்
இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்
ராத்திரி இரண்டு மணி என்றும் பாராமல்
சொந்தக்காரர்களை எழுப்புவோம்.
இங்கே சஃபியுல்லா சாவியைத் திருகி அணைத்தார்.
ஒயரில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை என்று
நட்டை நாலு சுற்று விட்டுப் பார்த்தார்.
திரும்பவும் நாலாவது.
திரும்பவும் உயிர்.
'பிளேட்டு' என்றார்.

எதுக்கும் ஒரு ரவுண்டு ஓட்டுங்க.
பக்கத்தில் உட்கார்ந்தவர் ரோட்டைப் பார்க்கவில்லை.
அந்தக் காலு இன்னா பண்ணுது அங்க?

குனிந்து பார்த்தேன்.
பெடல் மேல் இருந்தது என் இடது கால்,
நாடி எண்ணி முடித்த பிறகும்
மணிக்கட்டை விடாத விரல்கள் மாதிரி.
அது சும்மா வெச்சிருக்கேன் என்றேன்.
சும்மா இல்ல சிஸ்டர்,
அமுக்கிக்கினேகீது.

பள்ளிகொண்டா பக்கம் திரும்பும் வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
குணாளன் பெயரை அடித்துவிட்டு
வேறு பெயர் எழுத நேரமானது.

மூன்றாம் நாள் கியர்பாக்ஸை இறக்கினார்.
தேய்ந்த பிளேட்டில் ரிவெட்டுகள்
பல்லைக் காட்டின.
ஆயில் சீல் நல்லாகீது, மாத்தல.
பில்லில் 'செலினா சிஸ்டர், கிளச் செட், கூலி':
நாலாயிரத்து முந்நூறு.
பழசைத் தினசரியில் சுற்றி
மடியில் வைத்தார். கனமாக இருந்தது.

புது கிளச் எங்கே பிடிக்கும் என்று
காலுக்கு இன்னும் தெரியாது.
பெடலுக்குப் பக்கத்தில்
அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவள் போல
ஓரமாக நிற்கிறது அது.
கிரீன் சர்க்கிளில் பச்சை விழுந்ததும்
சட்டென்று விட்டேன்.
ஒரு குலுக்கு.
அணைந்தது.

பின்னால் சித்தூர் பஸ் ஹாரன்,
அதன் பின்னால் இன்னும் பத்து.
ஆட்டோக்காரர் தலையை நீட்டி
என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.
சாவியைத் திருகாமல்
ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
செத்திடுச்சு சஃபியுல்லா பாய்,
நல்லா செத்திடுச்சு.