நாற்பது கிராம்

படகின் விசிறியை மீன்பெட்டியில் கிடத்தி
பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஆட்டோவில் பாலம் கடந்து
மண்டபத்துக்குக் கொண்டுவந்தான்
டிரைவர் அமல்தாஸ்.
"நடுங்குதுக்கா" என்றான்.
"எஞ்சின் பெட்டி மேல டீ கிளாஸ் வச்சா
நடந்துபோய் விழுது."

மூன்று இலை. அதில் ஒன்று
குருசடைப் பக்கம் பாரில் தட்டி
நுனி ஒடிந்திருந்ததை
வெல்டு வைத்து வளர்த்திருக்கிறார்கள்,
முகம் தெரிகிற மாதிரி தேய்த்து.
அழகான வேலை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தராசில் ஏற்றினேன்: பதினெட்டு கிலோ நானூறு.
வாங்கியபோதும் அதேதான்.
பில் வைத்திருந்தான், உப்பில் ஊறிய பில்.
"பாருங்க பிரெஸ்காக்கா, எடை சரியாத்தானே இருக்கு?"

சரிதான்.
குடத்தில் கடல் தின்றதும்
நுனியில் எவரோ சேர்த்ததும்
கணக்கில் ஒன்றாகிவிட்டன.
எவ்வளவு என்று தராசுக்குச் சொல்லத் தெரியும்.
எங்கே என்று அதைக் கேட்டவர் இல்லை.

ரசமட்டம் பார்த்துப் பதித்த
இரண்டு கத்திவிளிம்புகளின் மேல்
அச்சோடு விசிறியை வைத்து உருட்டிவிட்டேன்.
போனது, தயங்கியது, திரும்பியது.
வெல்டு வைத்த இலை கீழே வந்து நின்றது.
மறுபடி உருட்டினேன். அதே இலை.
ஐந்தாம் தடவை அமல்தாஸே தள்ளினான்,
கொஞ்சம் கோபமாக.
தூக்கத்தில் எப்படிப் புரட்டிப்போட்டாலும்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும் பிள்ளை போல
அதே இலை.

எதிர்ப்பக்கத்தில் களிமண் ஒட்டி ஒட்டிப் பார்த்ததில்
நாற்பது கிராம்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான், நிற்கும்போது.
நிமிஷத்துக்கு எழுநூறு சுற்றில், அந்த நுனியில்,
ஆறு கிலோ சீலா ஒன்று அச்சைக் கவ்விக்கொண்டு
சுற்றுக்கு ஒரு திசையாக வெளியே இழுக்கும்.
இரவெல்லாம். போல்ட்டெல்லாம் தளர.

நுனியில் எடுத்தால் நாற்பது போதும்.
ஆனால் விளிம்பு மெலிந்து
அடுத்த பாரில் மறுபடி ஒடியும்.
குடத்தருகே என்றால் கைநிறைய வழிக்க வேண்டும்.
இலையின் முதுகில், நடுவில்,
எண்பது கிராம் தேய்த்தெடுத்தேன்.
செய்தித்தாளில் மஞ்சள் பொடியாகக் கிடந்ததை
விரலால் கிளறிப் பார்த்தான்.
"இதுக்கா எண்ணூறு ரூபா?"
ஐந்நூறு தந்தான்.

இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது விசிறி.
கீழே வர
எந்த இலைக்கும் அவசரமில்லை.

டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன மறுநாள்
விடியுமுன் போன்.
"டீ நிக்குதுக்கா."
கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தம்.
"ஆனா கால்ல ஒண்ணுமே தெரியல.
எஞ்சின் ஓடுதா இல்லையான்னு
ரெண்டு தடவை இறங்கிப் பாத்துட்டேன்."
பாக்கி முந்நூறைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

சாயங்காலம் கடையில் ஆளில்லை.
முதுகு உடைந்த சுழல்நாற்காலியில் உட்கார்ந்து
கைக்கொரு பழைய இரும்பு புஷ்ஷை எடுத்துக்கொண்டு
கைகளை நீட்டி
காலால் ஓர் உந்து.
லேத். கதவு. பனை. வடகடல்.
லேத். கதவு.
கைகளை மார்போடு இழுத்தேன்.
பனைகடல்லேத்கதவுபனைகடல்
தலை கிறுகிறுக்க மறுபடி நீட்டினேன்.
பனை.
கடல்.

வாசலில் யாரோ இருமினார்கள்.
சட்டென நிற்க முடியவில்லை.
இன்னும் ஒன்றரைச் சுற்று சுற்றி,
புஷ்ஷும் கையுமாக,
வந்தவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.
"சொல்லுங்க" என்றேன்.