பதினான்கு வாரம்

பாடக்கெட் நகரத்தில் பச்சைத் தொட்டி குப்பைக்கு,
நீலத் தொட்டி மறுசுழற்சிக்கு.
மார்ச் கடைசியில் நீலத்தை நிறுத்தினார்கள்.
தரம்பிரிக்கும் ஆலையில் பெல்ட்டின் இருபுறமும்
தோளோடு தோள் நின்றவர்களில்
பதினொரு பேருக்கு இருமல்.
எல்லாவற்றையும் பச்சையிலேயே போடுங்கள் என்று
கதவுக்குக் கதவு மஞ்சள் சீட்டு செருகியவன் நான்.

என் சட்டைப்பையில் ஒரு கடிதம்:
இதைக் கொண்டுவருபவர் அத்தியாவசியமானவர்.
கையெழுத்து, ரப்பர் முத்திரை.
போன மாதம்வரை லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்கள்
ஜன்னலில் நின்று கைதட்டினார்கள்.
கையுறை மட்டும் வரவில்லை.
மனைவி பாத்திரம் கழுவும் கையுறையை
இளஞ்சிவப்பில், முழங்கைவரை,
மாட்டிக்கொண்டு வந்தான் நெலிட்டோ.
கேபினில் ஒருவர்தான் என்பது உத்தரவு.
நான் லாரி ஓட்ட
அவன் தன் சொந்தக் காரில் பின்னாலேயே,
வீட்டுக்கு வீடு இறங்கி, ஏறி, இறங்கி.

கோபுரம் தாழ்ந்தது:
மெயின் தெரு ஒன்பது மாடி அலுவலகத்தில்
வாரத்துக்கு ஒரே ஒரு பை,
காவலாளி தின்ற வாழைப்பழத் தோல்.
குப்பை உயர்ந்தது:
வீட்டு வாசல்களில் வாய் மூடாத தொட்டிகள்,
அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி.
பல வருஷமாய் ஒழிக்க நினைத்த பேஸ்மென்ட்டை
ஊரே ஒரே வாரத்தில் ஒழித்தது.
உடற்பயிற்சி சைக்கிள். மெத்தை.
பியானோ. ஆமாம், பியானோ.
கிழிந்த பையிலிருந்து முகக்கவசம் உதிரும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை பை தூக்கலாம்?
நான்கு.
ஐந்தாவதில் விட்டுவிடுவோம்.

வெப்ஸ்டர் தெரு முப்பத்தெட்டில் மட்டும்
பச்சைத் தொட்டி பழைய எடைதான்.
படிக்கவில்லையோ என்று இன்னொரு சீட்டு செருகினேன்.
மறுவாரம் அதன் முதுகில் பென்சிலால்:
படித்தேன். காத்திருக்கிறேன். ஹலினா ட்ரோஸ்ட்.

நடுவில் நெலிட்டோ பத்தொன்பது நாள் வரவில்லை.
அவன் கையுறை லாரிக் கண்ணாடியில் தொங்கி
நான் வேகம் எடுக்கும்போதெல்லாம்
விரல் விரலாய் உப்பியது.
திரும்பி வந்தபோது அவனுக்கு வாசனை தெரியவில்லை.
இந்த வேலைக்கு இது வரம் என்று சிரித்தான்.
மதியம், சோற்று டப்பாவைத் திறந்து
முகத்தருகே கொண்டுபோனபோது சிரிக்கவில்லை.

ஜூலையில் நீலம் திரும்பியது.
முப்பத்தெட்டின் கராஜ் கதவு மேலே ஏறியது.
தரையிலிருந்து கூரைவரை பதினான்கு வாரம்:
கழுவிய பாட்டில், மிதித்துத் தட்டையாக்கிய டின்,
சணல் கட்டிய காகிதம்,
ஒவ்வொரு கட்டிலும் தேதி.
முன்னால் இருப்பதை முதலில் எடுங்கள் என்றார்
படியில் நின்ற அம்மாள்.
வேறெப்படி எடுக்க முடியும்?

முன்னால் இருந்தது ஜூலை.
வாரத்துக்கு ஒரு பால் கேன்,
ஒரு ஆளுக்கான சூப் டின் ஏழு.
ஜூனும் அப்படியே.
மே மாதத்தில் கடித உறைகள், கட்டுக்கட்டாய்,
எல்லாம் கையால் முகவரி எழுதியவை,
எல்லாம் திருமதிக்கு மட்டும்.
ஏப்ரலில் இரண்டு வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.
யாரும் வீட்டில் சாப்பிடாத இரண்டு வாரம்.
அதற்கும் பின்னால்
இரண்டு பால் கேன், பீர் பாட்டில்,
சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டின் அட்டை,
இரண்டு மையில் நிரப்பிய குறுக்கெழுத்து.
உள்ளே போகப் போக
வீட்டில் ஆள் கூடியது.

கடைசிக் கட்டில் நெலிட்டோ கை வைத்ததும்
அது இருக்கட்டும் என்றார்.
வைத்துவிட்டு வந்தோம்.
கதவு இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்று லாரி அங்கேயே நிறைந்துவிட்டது.
நாற்பதாம் எண்ணிலிருந்து தெருக்கோடிவரை
நீலம் எடுக்கவில்லை.
சாயங்காலத்துக்குள் பதினாறு புகார்,
கைதட்டிய வீடுகளிலிருந்தும்.
மேஸ்திரி படிவத்தை நீட்டினார்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு வீடு
என்று எழுதிக் கொடுத்தேன்.