ஏழாம் இலக்கக் கோல்

செம்பும் சிர்க்கோனியமும் சிறிது அலுமினியமும்
உருகிக் கலந்து
வரிசையில் நிற்க அவகாசம் கிடைக்குமுன்
குளிர்ந்து உறைந்த கூட்டம் இது.
பளிங்கு இல்லை, கண்ணாடி.
கண்ணாடி என்றாலும் உலோகம். இதனூடே எதுவும் தெரியாது,
என் மூக்குத்தான் தெரியும், கோணலாக.

கோலின் நீளம் ஆறு மில்லிமீற்றர்.
ஒரு முனையில் ஒலியைத் தட்டுகிறேன்.
நேரே பாயும் ஒலி மறுமுனை தொட்டு விரைந்து திரும்பும்.
குறுக்கே நெளியும் ஒலிக்கு
செக்கனின் பத்துலட்சத்தில் ஐந்தரைப் பங்கு வேண்டும்.
அதற்குள் இருக்கிறது நான் தேடும் அத்தனையும்:
அமுக்கினால் சுருங்க மறுக்கும் குணம் ஒன்று,
பக்கவாட்டில் தள்ளினால் சரிய மறுக்கும் குணம் மற்றது.

சூடேற்றினால் இரண்டும் இறங்கும்.
இரண்டாவது கொஞ்சம் அவசரமாக.
ஏப்ரல் வெயிலில் கொள்ளுப்பிட்டித் தார்வீதி மாதிரி
என்று எழுதி, பிறகு வெட்டினேன்.
தார் இளகுவது செருப்புக்குத் தெரியும்.
இங்கே எதிரொலி சற்றுப் பிந்தும், அவ்வளவே.

அமுக்கினால் ஏறும்.
ஜவ்சி தோள் கொடுத்து எண்ணெய்ப் பம்பியை அடிக்க
அரைக் கீகாபஸ்கால்.
காலிமுகத்திடலுக்கு எதிரேயுள்ள கடல்
ஐம்பது கிலோமீற்றர் ஆழமாக இருந்தால்
அதன் அடியில் எவ்வளவோ, அவ்வளவு.
முதற்குணம் இரண்டு அலகு இறுகியது.
இரண்டாவது அசைந்தது என்று சொல்லலாம்,
சொல்லாமலும் விடலாம்.
வால்வைத் திறந்தோம்.
பழைய எண்ணே திரும்பி வந்தது,
எதுவும் நடக்காததுபோல.

வெசாக்குக்கு மூன்று நாள் விடுமுறை.
உலையை அணைத்தது நான்.
அணையாதது அதன் ரிலே.
கறுவாத்தோட்டம் முழுக்கக் கூடுகள் எரிந்த மூன்று இரவும்
முந்நூற்றைம்பது பாகையில்
ஏழாம் இலக்கம் தனியே கிடந்தது.

செவ்வாய் காலை மினுக்கம் அதே, நிறை அதே.
எதிரொலி முந்தி வந்தது.
முப்பத்துமூன்று இருந்த இடத்தில் முப்பத்துநான்கரை.
மூன்று தடவை அளந்தேன். ஜவ்சி ஒரு தடவை.
பிறகு அவன் கோலோடு கிடந்த நாடாத்துண்டை எடுத்து
விரலில் சுற்றப் பார்த்தான்.
போன கிழமை மோதிரம்போலச் சுற்றியது,
மாறி பிஸ்கட்டாக முறிந்தது.

இதற்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர்
தளர்வு.
தளர்ந்து தளர்ந்துதான் இப்படி விறைத்துப்போனதாம்.

155 பஸ்ஸில் அது எனக்கு விளங்கிற்று.
"இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று
கொண்டக்டர் கத்தியும் நகராத கூட்டம்
ஒவ்வொரு பிரேக்குக்கும் குலுங்கிக் குலுங்கி
முழங்கைக்கும் பைக்கும் நடுவிலிருந்த காற்றை
வெளியே தள்ளிவிட்டிருந்தது.
இப்போதும் யாரும் வரிசையில் இல்லை.
ஆனால் ஒருவர் சரிந்தால் இடம்விட
இன்னொருவரிடம் இடமில்லை.
கொட்டாஞ்சேனையில் இறங்க நான் பட்ட பாடு.

ஏழாம் இலக்கத்தை நீக்கிவிடச் சொல்லி
பேராசிரியை ஹெட்டிகே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.
'ஏழை நீக்கு' என்று தமிழில் குறித்துக்கொண்டபோது
அது வேறொன்றாகவும் வாசித்தது.

நான் நீக்கவில்லை.
பேரேட்டில் புதிய நிரல் கீறி
'வெசாக்கின் பின்' என்று தலைப்பிட்டேன்.
மூன்று நாள் ஓய்வில் என் கழுத்தும் பிடித்திருந்தது.
அதற்கு நிரல் இல்லை.